நாலு நிமிஷம் நாலு செகண்டு

லூர்து ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். மணி இப்போது நாலு பத்து. ஐம்பது நிமிஷத்தில் ஒரு மனுஷன் நாலே நாலு வாக்கியத்தைப் பழகிக்கொள்ள முடியாதா என்று தன்னைத்தானே கேட்டபடி கிளமெண்ட், பொன்மலைப்பட்டி வீட்டின் முன்னறையில், முப்பத்து மூன்று வருஷமாகக் கிடார் சொல்லிக்கொடுக்கிற அதே கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் பழகச் சொல்லிக்கொடுத்தவருக்கு இது ஒரு பெரிய காரியமா? எதிர்ச் சுவரில் அட்டை தொங்குகிறது, அவர் கையெழுத்து, பச்சை ஸ்கெட்ச் பேனா. முதலில் பாதி வேகம். சிக்குகிற இடத்தை மட்டும் தனியாக எடு. தப்போடு தாண்டிப் போகாதே. விரலுக்குக் காது கிடையாது, எதைக் கொடுக்கிறாயோ அதைத்தான் அது பழகும். சரி, பாதி வேகம். லூர்து, உன் விரல்ல இருக்கறது பிராக்டிஸ் குறைச்சல் இல்ல. பிராக்டிஸ் அதிகம். என் விரலும் அப்படித்தான் போச்சு. இன்னிக்கே நிறுத்திடு. அவ்வளவுதான், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை கூட ஒப்பித்துவிடும். ஆனால் மூன்றாவதில் நாக்கு மடங்கிக்கொள்கிறது. மறுபடி முதலிலிருந்து. குறைச்சல் இல்ல. அதிகம். என் விரலும். இங்கேதான், சரியாக இங்கேதான். என் விரலும் என்றதும் மனசு வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போய்விடுகிறது, வாசலில் காயப்போட்ட துணிக்கு, அடுத்த வீட்டுக் குக்கர் விசிலுக்கு, இன்று வியாழக்கிழமை என்பதற்கு. சிக்குகிற இடத்தை மட்டும் தனியாக எடு என்று எழுதின மகராசன் நீதானேய்யா, எடேன் பார்க்கலாம். என் விரலும். என் விரலும். எடுக்க முடியவில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் லூர்து போனில் கூப்பிட்டிருந்தான். முப்பத்தாறு வயசு, கல்யாண ரிசப்ஷன்களிலும் ஒரு பள்ளிக்கூடத்திலும் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவன், கைதான் அவனுக்குச் சோறு. அடுத்த மாசம் கோயம்புத்தூரில் முதல் தடவையாகத் தனியாக மேடையில் உட்காரப் போகிறான். "சார், இடது கை மோதிர விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. வேகமாப் போனா உள்ளங்கைப் பக்கம் மடங்கிடுது. வலி எதுவும் இல்ல சார். அதான் என்னன்னே புரியல." வலி இல்லை என்று அவன் சொன்ன அந்தக் கணமே கிளமெண்டுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், தெரிந்துவிட்டது. தெரிந்தும் இந்த வாய் என்ன சொன்னது? "பிராக்டிஸ் விட்டுப்போச்சுடா உனக்கு. ரிசப்ஷன் ரிசப்ஷன்னு அலையற. தினம் ஆறு மணி நேரம் போடு, மெட்ரோநோம் வேகத்தை ஒண்ணு ஒண்ணா ஏத்து, தன்னால வழிக்கு வரும்." சொன்னது. அதே குரல், அதே தோரணை, முப்பத்து மூன்று வருஷத்துப் பழக்கம், யோசிக்கவே இல்லை. "சரிங்க சார், எழுதிக்கறேன்" என்றான். எழுதிக்கொண்டிருப்பான். கிளமெண்டிடம் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பிராக்டிஸ் நோட்டு உண்டு, வகுப்பு முடிந்ததும் தேதி போட்டு, என்ன வாசிக்க வேண்டும், எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். லூர்து இதுவரை பதினோரு நோட்டு முடித்திருக்கிறான். ஒரு வரி கூட அதில் எழுதினபடி செய்யாமல் விட்டதில்லை. அதுதான் ஆண்டவரே பயமாக இருக்கிறது. சோம்பேறியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

எல்லாம் அந்தக் கேசட்டில் ஆரம்பித்தது. தொண்ணூற்றொன்றில், இவருக்கு இருபத்து நாலு வயசு, ஊருக்குப் போகிற ஒரு ரயில்வே அதிகாரி தந்துவிட்டுப் போன மேல்சீட்டு இல்லாத கேசட். யாரோ ஒரு ஸ்பானியக் கிழவர் வாசித்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இரண்டாவது பக்கத்தில் இரண்டாவது உருப்படி, அதனால் அதற்குப் பெயரே பி ரெண்டு. முதல் தடவை கேட்டபோது கிளமெண்ட் சட்டை போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தார், முடிந்ததும் எழுந்திருக்க முடியவில்லை, ஒரு மனுஷனின் விரல் இப்படியும் ஓடுமா, அதுவும் அந்தப் படிக்கட்டில்! படிக்கட்டு என்று அவரே பெயர் வைத்த இடம், மோதிர விரலும் சுண்டு விரலும் மாறி மாறி முதல் கம்பியில் தடதடவென்று இறங்குகிற இடம். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார், மொத்தம் நாலு நிமிஷம் நாலு செகண்டு. அன்றிலிருந்து அந்த நாலு நாலுதான் வேதம். சுருதி சேரவில்லை, கிடாரை விட மூன்று ஃப்ரெட், கழுத்தில் மூன்று கட்டம், மேலே நின்றது. அதற்கென்ன, கிழவர் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டியிருக்கிறார், கம்பிகளை எல்லாம் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கிற அந்தக் கிளிப்பு, இது கூடத் தெரியாதா நமக்கு என்று கண்டுபிடித்த அன்று எவ்வளவு பெருமை. கேப்போ வாங்க வழியில்லை, ஒரு பென்சிலையும் ரப்பர் பேண்டையும் வைத்து இறுக்கிக் கட்டினார், சுருதி கச்சிதமாகப் பொருந்தியது, காதுன்னா இதுதான்டா காது என்று தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மாணவனுக்கும் மூன்றாவது ஃப்ரெட். திருச்சியில் எந்த மேடையிலாவது எவனாவது மூன்றாவது ஃப்ரெட்டில் கிளிப்பை மாட்டினால், கிளமெண்ட் சார்கிட்ட படிச்சவன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சு காதில் விழுகிற போதெல்லாம் இவருக்கு முகம் மலரும். ஆனால் கேசட் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் இன்னொன்று நடந்தது, அதைத்தான் நாலு நாளாக உள்ளே அரைத்துக்கொண்டிருக்கிறார். கேசட் போடுகிற டெக் ஓடாமல் நின்றுபோய், ரேடியோ ரிப்பேர் செய்கிற ஜெய்லானி அண்ணனிடம் கொடுத்து வாங்கிவந்தார். "வேற மோட்டார் போட்டிருக்கேன் தம்பி, முன்னைக்கு இப்ப ஜம்முனு ஓடும்" என்றார் ஜெய்லானி அண்ணன். நல்ல மனுஷன், சந்தோஷமாகத்தான் சொன்னார். இவரும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஜம்முனு ஓடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மாட்டு டாக்டர் மெர்லின், நாற்பத்தைந்து வயசில் கிடார் பழக வந்திருக்கிற அம்மாள், "சார், நீங்க அன்னிக்கு டேப்புல போட்டுக் காட்டின பி ரெண்டு மாதிரியே ஒண்ணு மாட்டிச்சு, ஆனா இது சோகமா இருக்கு" என்று செல்போனை நீட்டினார்கள். ஒரு கிழவர், நரைத்த புருவம், முக்காலியில் காலை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில். கிடாரின் கழுத்து சுத்தமாக, கேப்போ இல்லாமல், ஒன்றுமே இல்லாமல். அதே பி ரெண்டு, அதே இரண்டாம் கம்பி லேசாகக் கரகரப்பது, படிக்கட்டுக்கு முன்னால் கிழவர் மூக்கால் மூச்சு இழுப்பது, கேசட்டில் முப்பத்து மூன்று வருஷமாகக் கேட்ட அதே மூச்சு. ஆனால் மெதுவாக. சாவு வீட்டில் ஒருவர் இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. கீழே நேரம் ஓடியது, முடியும்போது நாலு ஐம்பது. நாலு ஐம்பது, கிளமெண்ட்! மூன்று ஃப்ரெட் கீழே, நாற்பத்தாறு செகண்டு அதிகம். கணக்கு கண் முன்னால் தானாகவே போட்டுக்கொண்டது, மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினால் சுருதி எவ்வளவு ஏறும் என்று. "என்ன சார் வேர்க்குது உங்களுக்கு" என்றார்கள் மெர்லின். அந்த வேகத்தில் அந்தக் கிழவர் ஒருநாளும் வாசித்ததில்லை. உலகத்தில் யாருமே வாசித்ததில்லை. ஒரு மோட்டார் வாசித்தது. அந்த மோட்டாரைத் துரத்திக்கொண்டு ஒரு முட்டாள் பத்து வருஷம் தினம் எட்டு மணி நேரம் ஓடினான், மற்றவர்களையும் கூடவே ஓட்டிக்கொண்டு போனான்.

மனைவி ரோஸ்லின் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். போக மாட்டாள், சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவள் போனதில்லை. "லூர்துகிட்ட சொல்லிடுங்க." "ம்." "ம்முனா? நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்." போய்விட்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நாலு நாளாகக் கேட்கவில்லை, அந்தப் புண்ணியவதி அதை வாயில் எடுக்காததுதான் இவரை இன்னும் குத்திக் கொல்கிறது. கல்யாணமான புதிதில் பிறந்த வீட்டிலிருந்து ஒரு மாதா பாட்டு கேசட் கொண்டுவந்தாள், இந்த டெக்கில் போட்டாள், இரண்டு வரி கேட்டாள். "என்னங்க, இந்தாளு எங்க வீட்டுல ஆம்பளைக் குரல்லதானே பாடுவாரு, இங்க ஏன் கீச்சுகீச்சுன்னு பாடறாரு? உங்க டெக்குல ஏதோ கோளாறுங்க." இருபத்தோரு வயசுப் பெண், சரிகமபதநி தெரியாது, கண்ணைப் பெரிதாக விரித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். அதற்கு இந்தக் காதுக்காரர் என்ன சொன்னார்? "உனக்கு சங்கீதத்தைப் பத்தி என்ன தெரியும்? பழைய டேப்பு, இழுத்திருக்கும். போய் வேலையப் பாரு." அவள் போனாள். அந்தக் கேசட்டை அதற்கப்புறம் இந்த வீட்டில் போடவே இல்லை. அன்றைக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவள் சொல்வது சரியாக இருந்தால் என்று யோசித்திருந்தால் இந்த விரல் இன்று நிமிர்ந்திருக்கும். டீ ஆறிப்போய் ஆடை கட்டிக்கொண்டது. குடிக்கத் தோன்றவில்லை.

என் விரலும். சரி, எடு, தனியாக எடு. இரண்டாயிரத்து ஒன்று, முப்பத்து நாலு வயசு, ஒரு மழைநாள் சாயங்காலம் படிக்கட்டில் இறங்கும்போது மோதிர விரல் மடங்கியது. வலி இல்லை. சிரித்துக்கொண்டு மறுபடி வாசித்தார், மறுபடி மடங்கியது. பிராக்டிஸ் பற்றவில்லை என்று எட்டு மணி நேரத்தைப் பத்தாக்கினார், விரலையும் மரக்குச்சியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசித்தார், உபவாசம் இருந்தார், வேளாங்கண்ணிக்கு நடந்தார். விரல் என்னவோ கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி உள்ளங்கைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது. மதுரையில் ஒரு நரம்பு டாக்டர்தான் சொன்னார், கை நல்லாத்தான் இருக்கு, மூளையில ரெண்டு விரலுக்கும் தனித்தனி ரூம் இருந்துச்சு, நீங்க ஓயாம அடிச்சு அடிச்சு நடுச்சுவரை இடிச்சிட்டீங்க, இனிமே ஒண்ணைக் கூப்பிட்டா ரெண்டும் வரும், வாசிக்க வாசிக்க மோசமாகும், நிறுத்துங்க. நிறுத்திவிட்டு என்ன சொல்வது ஊரில்? பிராக்டிஸ் பண்ணிக் கை போச்சு என்று ஒரு கிடார் வாத்தியார் சொன்னால் எவன் வருவான்? ஸ்கூட்டரிலிருந்து விழுந்துட்டேன் என்றார். பெரிய பொய்யாகவே அப்போது தெரியவில்லை. எனக்கு உடம்புவாகு, மத்தவங்களுக்கு ஏன் வரப்போகுது என்று மனசைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தார். அதற்கு ஆறு வருஷம் கழித்து லூர்து வந்தான், பத்தொன்பது வயசு, எண்ணெய் வழிய சீவின தலை, முட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இவர் வாயால் சொல்வார், ஆட்காட்டி விரலும் நடுவிரலுமாக மெதுவாகத் தொட்டுக் காட்டுவார், அவன் போய் வாசித்துக்கொண்டு வருவான். நாலு வருஷம். ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இதோ இந்த இடத்தில், அவன் பி ரெண்டை நாலு நிமிஷம் நாலு செகண்டில் முடித்தான். படிக்கட்டில் ஒரு சுரம் சிந்தவில்லை. கிளமெண்ட் எழுந்து அவன் தலையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் தொடாததை நீ தொட்டுட்டடா என்றார். இன்னொரு ஆள் சுவரையும் இடித்துவிட்டோம் என்று அன்றைக்கே அழுதிருக்க வேண்டியது.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. நாலரை. திடுக்கென்று எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார், எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமலே செருப்பைத் தேடினார். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஜுரம் என்று சொல்லலாம். கோயம்புத்தூர் முடியட்டும், அப்புறம் சொல்லலாம், பாவம், மனசு உடைந்துபோய் மேடையில் உட்கார முடியுமா, ஆமாம், இதில் கூட ஒரு நியாயம் இருக்கிறது. சீ, என்ன ஜென்மமய்யா நீ, இன்னும் உனக்கு நியாயம் வேறு கேட்கிறதா. செருப்பை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கேசட்டை மட்டும் சொன்னால் போதாதா? மோட்டார் தப்பு, ஜெய்லானி அண்ணன் தப்பு, ஜெய்லானி அண்ணன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது, அவர் மேல் போட்டால் திரும்பி வந்து கேட்கவா போகிறார். ஆனால் கேசட் தெரியாமல் செய்த தப்பு. விரல் தெரிந்து செய்தது. தெரியாமல் செய்ததை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்ல வாய் தயாராக இருக்கிறது. குறைச்சல் இல்ல. அதிகம். என் விரலும். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான், எப்போதும் அப்படித்தான்.

லூர்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சார், டீ குடிக்கலையா" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்து உறையிலிருந்து கிடாரை எடுத்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஒம்பது நாளா எட்டு மணி நேரம் போட்டேன் சார். நீங்க ஆறுதான் சொன்னீங்க" என்று சிரித்தான், நல்ல பேர் வாங்க வந்த சிரிப்பு. சொல்லாமலே மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டினான். கிளமெண்ட் வாயைத் திறந்தார். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். எவ்வளவு அழகான வலது கை, எவ்வளவு சுத்தமான சத்தம், ஒரு நிமிஷம் இவருக்கு எல்லாம் மறந்து போனது, பிறகு படிக்கட்டு வந்தது, மோதிர விரல் மடங்கி உள்ளங்கைக்குள் போனது. லூர்து நிறுத்தினான். தாண்டிப் போகவில்லை, அட்டையில் இருக்கிறபடி அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்தான். மடங்கியது. பாதி வேகத்தில் எடுத்தான். மடங்கியது. "மன்னிச்சுக்கங்க சார்" என்றான், முகம் கன்றிப்போய். "நான்தான் எங்கயோ சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்."

கிளமெண்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பழகி வைத்திருந்த நாலு வாக்கியத்தில் ஒன்று கூட வரவில்லை. எழுந்து போய் அவன் மடியிலிருந்து கிடாரை வாங்கிக்கொண்டார். இருபத்து மூன்று வருஷமாக யார் முன்னாலும் செய்யாததைச் செய்தார், படிக்கட்டை வாசித்தார். இரண்டு சுரம் இறங்குவதற்குள் அவருடைய மோதிர விரல் மடங்கி உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, அதே கோணம், அதே மடிப்பு, அச்சு அசல். அப்படியே கையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேராகக் காட்டினார். லூர்து அதைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான்.

"சார், உங்களுக்கு ஸ்கூட்டர்ல விழுந்துதானே..."

"அந்த வருஷம் எங்கிட்ட ஸ்கூட்டரே கெடையாதுடா."

அப்புறம் எல்லாம் கொட்டியது. மோட்டார், நாலு ஐம்பது, மதுரை டாக்டர், சுவர், எல்லாம் முன்னே பின்னே குழம்பிக் கொட்டியது, சமையலறையில் ரோஸ்லின் குழாயை மூடிவிட்டு அசையாமல் நிற்பது தெரிந்தது. லூர்து பாடம் கேட்கிற மாதிரியே முட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்ப, நான் வந்து சேர்ந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"போன்ல சொன்னப்பவும் தெரியும்."

"தெரியும்டா."

அவன் திட்டுவான் என்று கிளமெண்ட் எதிர்பார்த்தார். கிடாரைத் தூக்கிப் போட்டு உடைத்தால் கூடத் தேவலை என்று இருந்தது. லூர்து கேப்போவைக் கழற்றித் தரையில் வைத்தான். கிழவர் வாசித்த வேகத்தில், நிறுத்தி நிறுத்தி, பி ரெண்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். கேப்போ இல்லாமல் அது வேறு ஏதோ ஊர்ப் பாட்டு மாதிரி இருந்தது, தணிந்து, பெரிய துக்கமாக. முப்பத்து மூன்று வருஷம் இந்த அறையில் இருந்தும் இந்தப் பாட்டை ஒரு கை இப்படி வாசித்து இவர் ஒருநாளும் கேட்டதில்லை. படிக்கட்டு நெருங்க நெருங்க கிளமெண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டார், மாதாவே, மெதுவாகத்தானே போகிறான், மெதுவாகப் போனால் ஒருவேளை, ஒருவேளை. விரல் மடங்கியது. மெதுவாகவே மடங்கியது.

லூர்து கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். பிறகு பழக்க தோஷம், பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்து தேதி போட்டான். பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் காத்திருந்தான், பதினேழு வருஷமாகக் காத்திருக்கிற மாதிரியே.

"இப்ப நான் என்ன சார் பிராக்டிஸ் பண்றது?"

கிளமெண்ட் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். அதில் இதற்கு ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் பண்ணாதப்பா."

லூர்து எழுதினான். ஒண்ணும் பண்ணாதே. வழக்கம் போலக் கீழே ஒரு கோடு போட்டான்.

"எத்தனை நாளைக்கு சார்?"

"எனக்கு இருபத்து மூணு வருஷம் ஆச்சுடா" என்றார் கிளமெண்ட்.

லூர்து அதையும் எழுதிக்கொண்டான்.